36 வருடம் ஒரே மேயர் எப்படி? மிசிசாகாவில் முதல் முறை ஓட்டுப் போடுகிறேன், பழைய ஆட்கள் சொல்லுங்கள்

குக்ஸ்வில் பாலா:

எல்லோருக்கும் வணக்கம். கனடா குடியுரிமை கிடைத்தாகிவிட்டது. 2026 அக்டோபர் 26 அன்று வரும் நகராட்சித் தேர்தலில்தான் இங்கே முதல் முறையாக ஓட்டுப் போடப் போகிறேன். கொஞ்சம் தெரிந்துகொண்டு போடலாமே என்று மிசிசாகா வரலாற்றைப் புரட்டினால் எங்கே திரும்பினாலும் ஹேசல் மெக்காலியன். ஹுரொன்டாரியோ தெருவை வருடக்கணக்காகத் தோண்டிப் போட்டுக் கட்டும் ரயில் பாதைக்கு அவர் பெயர், ஸ்கொயர் ஒன் பேரங்காடிக்குப் பக்கத்துக் கல்லூரி வளாகத்துக்கும் அவர் பெயர். 1978-ல் ஜெயித்தவர் 2014 வரை மேயராகவே இருந்திருக்கிறார், பன்னிரண்டு தேர்தல், இறங்கும்போது வயது 93.

எனக்கு இது பிடிபடவே இல்லை. நான் கோவைக்காரன். நம்ம ஊரில் ஆளுங்கட்சி என்றாலே அடுத்த தேர்தலில் கவிழ்த்துவிடலாமா என்று யோசிக்கிற பழக்கம் நமக்கு உண்டு. மேயரையே நேரடியாகத் தேர்ந்தெடுப்பதா வேண்டாமா என்று சட்டம் மாறி மாறி வந்து, 2022-ல் என் வீட்டார் கவுன்சிலருக்கு மட்டும்தான் ஓட்டுப் போட்டார்கள், மேயரைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். இங்கே நேரடித் தேர்தல், கட்சிச் சின்னம் கிடையாது, வீடு வீடாகப் பணம் கொடுப்பது கிடையாது. அப்படியிருந்தும் 2006-ல் 90 சதவீதத்துக்கு மேல் ஓட்டு ஒரே ஆளுக்குப் போயிருக்கிறது. இதை மக்கள் அன்பு என்று எடுத்துக்கொள்வதா, இல்லை எதிர்த்து நிற்கவே முடியாதபடி அமைப்பு அப்படி இருக்கிறதா?

கூட வேலை செய்கிற ஒருவர், "ஏற்கெனவே இருக்கிறவர்தான் ஜெயிப்பார், வரிசையில் நின்று போடுவதெல்லாம் வீண்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

---

ஸ்ட்ரீட்ஸ்வில் சிவா:

தம்பி, நான் யாழ்ப்பாணத்திலிருந்து எண்பதுகளின் கடைசியில் இங்கே வந்தேன். அப்பவே அவர் பத்து வருட மேயர். இன்றைக்கு எல்லோரும் அவரைப் பாட்டி என்று செல்லமாகக் கதைக்கிறார்கள். ஆனால் அவர் முதலில் எப்படி வந்தார் என்பதைப் பாருங்கள், பதவியில் இருந்த மேயர் ரான் சேர்லைத் தோற்கடித்துத்தான் வந்தார். அதற்கு முன் ஸ்ட்ரீட்ஸ்வில் என்ற சின்ன ஊருக்கு மேயராக இருந்து, அந்த ஊரை மிசிசாகாவோடு சேர்க்கக் கூடாது என்று சண்டை பிடித்தவர். 1974-ல் சேர்த்தே விட்டார்கள். சேர்த்த நகரத்துக்கே நாலு வருடத்தில் மேயராகிவிட்டார்.

அப்புறம் வந்தது ரயில் விபத்து. 1979 நவம்பர் 10, சனிக்கிழமை நள்ளிரவுக்குச் சில நிமிடம் முன். மேவிஸ் வீதிக் கடவையில் சரக்கு ரயில் தடம் புரண்டது. ஒரு பெட்டியின் அச்சு எண்ணெய்ப் பசை இல்லாமல் சூடேறிக் கழன்றுவிட்டது. புரொப்பேன் பெட்டிகள் வெடித்தன, நடுவில் ஒரு குளோரின் பெட்டியில் ஓட்டை. குளோரின் என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள், மூச்சை இழுத்தால் முடிந்தது. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட சனத்தை, மருத்துவமனைகளையும் முதியோர் இல்லங்களையும் சேர்த்து, வெளியேற்றினார்கள். கிட்டத்தட்ட ஒரு கிழமை நகரமே காலி. ஒருவர்கூடச் சாகவில்லை. அந்த நாட்களில் மேயர் கால் சுளுக்கி நொண்டி நொண்டி வந்து பத்திரிகைக்காரருக்கு நிலைமையைச் சொன்னதை அந்தக் காலத்து ஆட்கள் இன்னும் சொல்வார்கள். அப்போது அவர் மேயராகி ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. பொலிஸ், தீயணைப்பு, மாகாண அரசு என்று பலரும் சேர்ந்து செய்த வேலைதான் அது, ஆனால் மக்கள் மனதில் பதிந்த முகம் அவருடையது. அதற்குப் பிறகு இரண்டு தேர்தலில் எதிர்த்து நிற்க ஆளே இல்லை, போட்டியின்றித் தெரிவானார்.

பிரசாரமே செய்ய மாட்டார். யாராவது காசு தந்தால் ஏதாவது தர்ம காரியத்துக்குக் கொடுங்கள் என்று திருப்பிவிடுவார். எந்தச் சமூகத்தின் விழா என்றாலும் வந்து நிற்பார், போலிஷ், போர்த்துக்கீசர், பஞ்சாபி, எங்கட ஆட்கள் என்று பாகுபாடு இல்லை. நான் ஒவ்வொரு முறையும் அவருக்குத்தான் போட்டேன், அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. வீதியில் பனி அள்ளினார்கள், வீட்டு வரி கூடவில்லை, நகரத்துக்குக் கடன் இல்லை. வேறு என்ன வேண்டும் ஒரு மேயரிடம்?

---

கணக்கு மீனா:

சிவா அண்ணா, ரயில் விபத்து விஷயத்தில் ஒரு வார்த்தைகூட மறுப்பதற்கில்லை. ஆனால் "வரி கூடவில்லை, கடன் இல்லை" என்று நிறுத்திவிட்டீர்கள் பாருங்கள், அந்த இடத்தில்தான் பாலாவின் கேள்விக்கே பதில் இருக்கிறது. அதை விடக் கூடாது.

1981 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மிசிசாகாவில் 3,15,000 பேர். 2021-ல் 7,18,000. நடுவில் நடந்தது என்ன? வயலும் பழத்தோட்டமுமாகக் கிடந்த நிலமெல்லாம் வீடாகிவிட்டது. புதிதாகக் கட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் கட்டுமான நிறுவனம் நகராட்சிக்கு வளர்ச்சிக் கட்டணம் கட்ட வேண்டும். வருடா வருடம் ஆயிரக்கணக்கில் வீடு எழும்போது அந்தக் கட்டணம் கொட்டோ கொட்டென்று கொட்டும். புதுச் சாலை, புது நூலகம், புது நீச்சல்குளம் எல்லாம் அதிலேயே முடிந்துவிடும், பழைய குடியிருப்பாளரின் சொத்து வரியில் கை வைக்கத் தேவையில்லை. தொண்ணூறுகளில் கிட்டத்தட்ட பத்து வருடம் நகராட்சி தன் பங்கு வரியை ஏற்றவே இல்லை. எந்த வேட்பாளர் வந்து இதை எதிர்த்துப் பேசுவார்? பேசினாலும் யார் காதில் விழும்?

ஆனால் நிலம் ஒருநாள் தீரும். தீர்ந்தது. தோண்டிப் போட்ட குழாயும் சாலையும் பாலமும் எல்லாம் ஒரே காலத்தில் கட்டியவை, அதனால் ஒரே காலத்தில் பழசாகின்றன. 2010-களின் தொடக்கத்தில் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு நகராட்சி மறுபடி கடன் வாங்க ஆரம்பித்தது, அவர் பதவியில் இருக்கும்போதே. பாலா, உங்கள் வீட்டுக்கு வரும் தண்ணீர் பில்லை எடுத்துப் பாருங்கள். தண்ணீர், கழிவுநீர் இரண்டுக்கும் பிறகு மழைநீர்க் கட்டணம் என்று தனியாக ஒன்று இருக்கும், தனி வீடாக இருந்தால் கூரை எவ்வளவு பெரிதோ அவ்வளவு கட்டணம். அது 2016 ஜனவரியில் வந்தது. நீங்கள் இருக்கும் குக்ஸ்வில் பகுதியில் 2009-லும் 2013-லும் ஓடை பொங்கி வீட்டு அடித்தளங்களில் தண்ணீர் புகுந்தது. மண்ணையெல்லாம் சிமெண்டால் மூடிவிட்டால் மழை எங்கே போகும்? வளர்ச்சியில் மிச்சப்படுத்தியதாக நினைத்த பணத்தை இப்போது நாம் தவணை முறையில் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் என் எண்ணம்.

அவர் ஊழல்வாதி என்று நான் சொல்ல வரவில்லை. சிக்கனமான ஆள், கடும் உழைப்பாளி. எனக்குக் கவலை தருவது வேறு. அத்தனை வருடம் பலமான எதிராளி இல்லாததால் "இந்த நிலம் தீர்ந்த பிறகு என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று தேர்தல் மேடையில் நிற்க வைத்துக் கேட்க ஒருவரும் இல்லாமல் போனார்கள். எண்பதுகளிலேயே கேட்டிருந்தால் அடர்த்தியாகக் கட்டி, பேருந்துக்கும் ரயிலுக்கும் இடம் விட்டிருக்கலாம். இன்று ஹுரொன்டாரியோவில் படும் பாட்டை அன்றே பாதி செலவில் முடித்திருக்கலாம்.

அப்புறம் அந்த விசாரணை. ஸ்கொயர் ஒன் பக்கத்தில் ஒரு ஹோட்டலும் மாநாட்டு அரங்கும் கட்டும் திட்டம், அதில் மேயரின் மகனுக்குப் பங்கு. நகராட்சி மன்றம் கேட்டு நீதி விசாரணை நடந்தது. 2011 அக்டோபரில் நீதிபதி டக்ளஸ் கன்னிங்ஹாம் அறிக்கை கொடுத்தார், மேயர் நலமுரணுடன், அதாவது பதவிக் கடமையும் சொந்தக் குடும்ப நலனும் மோதும்படி, நடந்துகொண்டார் என்று அதில் தெளிவாக இருக்கிறது. மன்றக் கூட்டத்தில் வாக்கெடுப்பிலிருந்து விலகிக்கொண்டார், ஆனால் வெளியே அந்தத் திட்டத்துக்காகப் பேசினார். அப்போதைய சட்டம் கூட்ட அறைக்குள் நடப்பதை மட்டும்தான் பிடித்தது, அந்த ஓட்டையையும் நீதிபதி சுட்டிக்காட்டினார். பிறகு ஒருவர் போட்ட வழக்கு 2013-ல் தள்ளுபடியானது. இதில் பாலா கவனிக்க வேண்டியது ஒரே ஒரு தேதி, 2010 அக்டோபர். விசாரணை நடந்துகொண்டிருந்தது, பேப்பர் முழுக்க அதுதான் செய்தி. தேர்தல் வந்தது. 76 சதவீதம் வாங்கி ஜெயித்தார்.

---

ஸ்ட்ரீட்ஸ்வில் சிவா:

தங்கச்சி, அந்த 76-ல் நானும் ஒருவன். செய்தி தெரிந்துதான் போட்டேன். மகனுக்காக ஒரு தாய் செய்தது தவறு என்றே வைத்துக்கொள்வோம், நகரத்தின் காசு ஒரு சதமாவது அவர் பையில் போனது என்று யாரும் சொல்லவில்லையே. எதிரே நின்றவர்களில் நகரத்தை நடத்தத் தெரிந்தவர் யார் என்று பார்த்தேன், எனக்கு ஒருவரும் தென்படவில்லை. நீங்கள் சொன்ன நிலக் கணக்கு சரிதான், அதை மறுக்க மாட்டேன்.

---

கணக்கு மீனா:

அண்ணா, தெரிந்து போட்டீர்கள் என்றால் அது உங்கள் உரிமை, அதில் நான் குறை சொல்லவில்லை. "எதிரே ஆள் இல்லை" என்கிறீர்கள் அல்லவா, ஏன் இல்லை என்பதுதான் கேள்வி. கவுன்சிலர்களில் திறமையான ஆட்கள் இருந்தார்கள். இந்த அம்மையாரை எதிர்த்து நின்று கையில் இருக்கிற வார்டையும் இழப்பானேன், அவரே போகட்டும் என்று வருடக்கணக்காகக் காத்திருந்தார்கள். காத்திருந்து வயதாகிப் போனவர்களும் உண்டு.

---

ஸ்கார்பரோ ரவி:

நான் டொரொண்டோ பக்கம். மீனா கடைசியாகச் சொன்னதுதான் விஷயம் என்று நினைக்கிறேன், அதோடு இன்னொன்றைச் சேர்க்கிறேன். ஒன்டாரியோவில் நகராட்சித் தேர்தலில் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் கிடையாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஓட்டுச் சாவடிக்குள் போகும் சாதாரண ஆளுக்குக் கையில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. அகர வரிசையில் பெயர்கள், அவ்வளவுதான். கேள்விப்பட்ட பெயர் எது என்று தேடுவார். கேள்விப்பட்ட பெயர் யாருடையதாக இருக்கும்? ஏற்கெனவே பதவியில் இருப்பவருடையதுதான்.

நம்ம ஊரில் கட்சி இருப்பதால் புது வேட்பாளரைத் தெரியாவிட்டாலும் சின்னத்தைத் தெரியும். ஆளுங்கட்சி மேல் கோபம் என்றால் எதிர்ச் சின்னத்தில் குத்திவிட்டு வரலாம். இங்கே கோபம் வந்தாலும் அதை எந்தப் பெயருக்கு எதிரே எழுதுவது என்று தெரியாது. கோபக்காரர் பெரும்பாலும் வீட்டிலேயே இருந்துவிடுவார். எங்கள் டொரொண்டோவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014-ல் பதவியில் இருந்த ராப் ஃபோர்ட் உடல்நலக் குறைவால் விலகினார், நாற்காலி காலி, மூன்று பலமான வேட்பாளர்கள், பாதிக்கு மேல் ஆட்கள் வந்து ஓட்டுப் போட்டார்கள். 2022-ல் ஜான் டோரி மூன்றாவது முறை நின்றார். ஜெயிப்பார் என்று எல்லோருக்கும் தெரியும். ஓட்டுப்பதிவு 30 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை, அவருக்கு 62 சதவீதம். நாலே மாதத்தில் ராஜினாமா செய்துவிட்டார், ஜூன் 2023-ல் இடைத்தேர்தல், மேயருக்கு 102 பேர் போட்டி. அந்தச் சீட்டைக் கையில் வாங்கியவர்களுக்குத் தெரியும், மேசையில் விரித்து வைத்து வரிசை வரிசையாக விரலால் தேட வேண்டியிருந்தது. ஒலிவியா சௌ 37 சதவீதத்தில் வந்தார். ஊர் அதேதான், மக்கள் அதேதான். இருப்பவர் நின்றால் ஒரு தேர்தல், இல்லாவிட்டால் வேறொரு தேர்தல்.

நம் ஆட்களுக்கும் இது பொருந்தும். ஸ்கார்பரோ வார்டு 42-ல் ரேமண்ட் சோ நீண்ட காலம் கவுன்சிலர். அவர் 2016-ல் மாகாண சட்டமன்றத்துக்குப் போன பிறகுதான் இடம் திறந்தது, 2017 இடைத்தேர்தலில் தமிழரான நீதன் சாண் ஜெயித்தார். அதற்கடுத்த வருடமே மாகாண அரசு டொரொண்டோ மன்றத்தை 25 இடங்களாக வெட்டியது, பதவியில் இருந்தவர்களே ஒருவரோடொருவர் மோத வேண்டிவந்தது. கதவு எப்போது திறக்கும் என்பதை ஓட்டர் முடிவு செய்வதில்லை, அதுதான் எனக்கு வேதனை.

---

இல்லினாய் தேவி:

எல்லை தாண்டி ஒரு குறிப்பு. சிகாகோவில் அப்பா டேலி 1955 முதல் 1976-ல் இறக்கும் வரை, மகன் டேலி 1989 முதல் 2011 வரை மேயர். மகன் கடைசியாக நின்ற 2007 தேர்தலில் 71 சதவீதம். மறு வருடம் டிசம்பரில் தெருவோரப் பார்க்கிங் மீட்டர்களை 75 வருடத்துக்குத் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டார்கள், 115 கோடி டாலருக்கு. திட்டத்தை அறிவித்த இரண்டாம் நாளே மன்றத்தில் 40-க்கு 5 என்று நிறைவேறியது. பல கவுன்சிலர்களுக்கு ஒப்பந்தத்தை முழுதாகப் படிக்கக்கூட நேரமில்லை. விலை மிகவும் குறைவு என்று நகராட்சியின் தலைமை ஆய்வாளரே 2009-ல் சொன்னார். வந்த பணத்தில் பெரும்பகுதி சில வருடத்தில் தீர்ந்தது, குத்தகை 2083 வரை. அடுத்த தேர்தலைப் பற்றிப் பயமில்லாத மேயரும் அவரை எதிர்க்கப் பயப்படும் மன்றமும் சேர்ந்தால் எதுவும் இரண்டு நாளில் நடக்கும்.

---

குக்ஸ்வில் பாலா:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மீனா அக்கா சொன்ன பில்லை எடுத்துப் பார்த்தேன், இருக்கிறது அந்த மழைநீர்க் கட்டணம். இவ்வளவு நாள் அதைத் தண்ணீர்க் கட்டணத்தின் ஒரு பகுதி என்றே நினைத்துக் கட்டிக்கொண்டிருந்தேன்.

இன்னும் ஒன்று கேட்கிறேன். மெக்காலியன் போன பிறகு என்ன ஆனது? போட்டி வந்ததா? நான் இப்போது செய்யக்கூடியது என்ன?

---

எரின்மில்ஸ் கலா:

பாலா, நான் ஒரு கவுன்சிலர் வேட்பாளருக்காக வீடு வீடாகப் போனவள், அவர் தோற்றுவிட்டார். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

2014-ல் இடம் திறந்தது. பானி குரோம்பியும் ஸ்டீவ் மஹோனியும் ஏறக்குறைய சமமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். தேர்தலுக்குச் சில வாரம் இருக்கும்போது மெக்காலியன் குரோம்பியின் பக்கம் பேசினார், அவ்வளவுதான், முடிவு 63 சதவீதம் குரோம்பிக்கு. அதாவது 36 வருடம் இருந்தது மட்டுமல்ல, அடுத்தவர் யார் என்பதிலும் அவர் கை இருந்தது. குரோம்பி 2018, 2022 இரண்டிலும் சுலபமாக ஜெயித்தார். மாகாண லிபரல் கட்சித் தலைவராகப் போனதால் மறுபடி காலி. 2024 ஜூன் இடைத்தேர்தலில் கேரலின் பாரிஷ் 31 சதவீதம் வாங்கி மேயரானார். 2010-ல் 76, 2024-ல் 31. ரவி சொன்னது இங்கேயும் அப்படியே நடந்திருக்கிறது.

இனி உங்கள் ஓட்டு. மேயரை மட்டும் பார்க்காதீர்கள். நம் மன்றத்தில் மேயரோடு 11 வார்டு கவுன்சிலர்கள். 2023-லிருந்து மிசிசாகா மேயருக்கும் மாகாணம் கூடுதல் அதிகாரம் கொடுத்திருக்கிறது. பட்ஜெட்டை மேயர்தான் முன்வைப்பார், மன்றம் அதில் செய்யும் திருத்தத்தை அவர் ரத்து செய்யலாம், அந்த ரத்தை முறியடிக்க மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆதரவு இருந்தாலே சில துணைவிதிகளை, அதாவது நகராட்சியின் சொந்தச் சட்டங்களை, மேயரால் நிறைவேற்றவும் முடியும். அதனால் சொந்தமாக யோசிக்கிற கவுன்சிலர் முன்பைவிட இப்போதுதான் அதிகம் தேவை. வார்டு தேர்தலில் சில நூறு ஓட்டில் முடிவு மாறுவதைப் பார்த்திருக்கிறேன், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஓட்டே போதும்.

ஆனால் அந்தக் கட்டடங்களுக்குள் போவதுதான் பெரும்பாடு. காலை 9 முதல் இரவு 9 வரை வேட்பாளரையோ அவருடைய ஆட்களையோ உள்ளே விட வேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டத்தை அச்சடித்துக் கையிலேயே வைத்திருப்போம், அப்படியும் ஒரு கட்டடத்தின் காப்பாளர் எங்களைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்க வைத்தே பேசி அனுப்பிவிட்டார். உள்ளே போன இடங்களில் இன்னொரு துக்கம். ஒரு மாடியில் பத்து வீடு இருந்தால் வாக்காளர் பட்டியலில் சில வீட்டுக்காரர்களின் பெயர்தான் இருக்கும், அதிலும் பாதி முன்பு குடியிருந்தவர்கள். வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஓட்டு இல்லை என்றே பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். தனி வீட்டுக்காரர்கள் பட்டியலில் ஒழுங்காக இருக்கிறார்கள், ஓட்டும் போடுகிறார்கள், அவர்களுக்கு வரி கூடக் கூடாது. யார் ஓட்டுப் போடுகிறார்களோ அவர்களுக்கு ஏற்ற மாதிரிதான் இருப்பவர்களும் நடந்துகொள்கிறார்கள். மீனா சொன்ன கணக்குக்கும் இதற்கும் நேரடி உறவு இருக்கிறது.

அதனால் இப்போதே செய்ய வேண்டியது: உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். 2024-லிருந்து பட்டியலை மாகாணத் தேர்தல் அமைப்பான எலெக்‌ஷன்ஸ் ஒன்டாரியோ வைத்திருக்கிறது, இணையத்திலேயே சரிபார்த்துச் சேர்க்கலாம். இல்லாவிட்டாலும் தேர்தல் நாளில் பெயரும் முகவரியும் காட்டும் ஓர் ஆவணத்தோடு போனால் அங்கேயே சேர்த்துக்கொள்வார்கள், புகைப்பட அடையாளம் கட்டாயமில்லை. வாக்குச்சாவடி காலை 10 முதல் இரவு 8 வரை. வேலை நேரம் போக அந்தப் பத்து மணி நேரத்துக்குள் தொடர்ந்து மூன்று மணி நேரம் உங்களுக்குக் கிடைக்காவிட்டால், முதலாளி சம்பளம் பிடிக்காமல் நேரம் விட வேண்டும், ஓட்டுப் போடுவது வீண் என்ற உங்கள் வேலை நண்பரிடமும் சொல்லுங்கள். வேட்புமனு மே 1 முதல் ஆகஸ்ட் 21 மதியம் 2 மணி வரை. அதன் பிறகு உங்கள் வார்டில் யார் யார் நிற்கிறார்கள் என்று நகராட்சி இணையதளத்தில் வரும். எந்த வார்டு என்று தெரியாவிட்டால் உங்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சந்திப்பை மட்டும் இங்கே எழுதுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.